வரைபடம் இல்லாத பம்பு பாகங்களும் எங்கள் லேசர் ஸ்கேனரும்: நான்கு ஆண்டு அனுபவம்

கோயம்புத்தூரில் எங்கள் பட்டறைக்கு வரும் வேலைகளில் பாதிக்கு மேல் வரைபடம் இல்லாதவை. உற்பத்தி நின்றுபோன பழைய பம்பின் தேய்ந்த இம்பெல்லரையோ (நீரைச் சுழற்றித் தள்ளும் இறக்கைச் சக்கரம்) உடைந்த உறையையோ மேசைமேல் வைத்து, இதே போல் ஒன்று வேண்டும் என்பார்கள். அதற்காகவே நான்கு ஆண்டுகளுக்கு முன் கையில் பிடித்து இயக்கும் நீல லேசர் ஸ்கேனர் ஒன்றை வாங்கினோம்.

கருவியைக் குறை சொல்ல அதிகமில்லை. கண்ணாடி போல் பளபளக்கும் பரப்புகளுக்கு மட்டும் வெள்ளை ஸ்பிரே தேவைப்படுகிறது. அந்தப் பூச்சும் சில மைக்ரான் தடிமன் சேர்ப்பதால், பேரிங் உட்காரும் இடங்களில் அதை அடிக்காமல் மைக்ரோமீட்டரிலேயே அளந்துவிடுகிறேன். 300 மி.மீ. இம்பெல்லரை ஸ்கேன் செய்ய 20 நிமிடம் போதும். பரப்பைக் காட்டக் கிடைக்கும் லட்சக்கணக்கான முக்கோணங்களை, லேத்துக்கும் பேட்டர்னுக்கும் (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி உரு) பயன்படும் மாடலாக மாற்றத்தான் இரண்டு நாள் ஆகிறது. ஸ்கேனரை விற்கும்போது இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

ஸ்கேனர் தருவது பொருளின் இன்றைய நிலையை. அதைச் செய்தவர் நினைத்த அளவை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஷாஃப்டில் பேரிங் இருக்கை 49.93 மி.மீ. இருந்தது. அதில் மாட்டியிருந்த 6310 பேரிங்கின் உட்துளை 50 மி.மீ. என்பதால், தேய்ந்த அளவை விட்டுவிட்டு துளையைவிடச் சற்றே பெரிதாக, 50.002 முதல் 50.018 வரை வரும் கே6 என்ற இறுக்கமான பொருத்தத்தில் கடைந்து கொடுத்தோம். இம்பெல்லரில் ஆறு இறக்கைகளும் ஆறு விதமாக அரித்திருக்கும். அவற்றின் சராசரியை எடுத்தால் அரிப்பும் சேர்ந்தே வந்துவிடும் என்பதால், குறைவாகத் தேய்ந்த ஒன்றைச் சீர்செய்து 60 பாகைக்கு ஒன்றாக நகலெடுக்கிறோம்.

முதல் ஆண்டில் ஒருமுறை நானே சறுக்கினேன். பவுண்டரியில் கிடந்த பழைய மரப் பேட்டர்னை ஸ்கேன் செய்து, வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்குவதற்காக வழக்கம்போல் ஒரு சதவீதம் கூட்டிவிட்டேன். பேட்டர்னில் அது ஏற்கெனவே சேர்ந்திருந்தது! 600 மி.மீ. உறை 6 மி.மீ. பெருத்து வந்தது, கடைந்தெடுக்கும் முகங்கள் தப்பின, வார்த்தபடியே விட வேண்டிய நீர்ப்பாதை தப்பவில்லை.

அந்த நீர்ப்பாதையின் உட்பக்கத்துக்கு லேசர் எட்டுவதும் இல்லை. சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, இறுகியபின் உருவியெடுத்து அந்த அச்சை ஸ்கேன் செய்கிறோம்.

சாதாரண ஸ்பர் கியர்கள் வந்தால் வழி வேறு. 24 பல், வெளிவிட்டம் 77.8 மி.மீ. என்றால், விட்டத்தை 26-ஆல் (பல் எண்ணிக்கையோடு இரண்டு) வகுத்ததும், பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் 3 என்று தெரிந்துவிடும். ஸ்கேனரைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை.