அந்தோனியோ என்றால் பூவா? ஒரு ஞானஸ்நானப் பரிசுப் படம்

ஞானஸ்நானத்துக்குப் பரிசாகக் கொடுக்கிற பெயர்ப் படங்களைக் கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கடையொன்று செய்து தருகிறது. நடுவில் பெயர், கீழே பொருள், ஓரத்தில் லீலிப் பூ. பார்த்தது 'அந்தோனியோ' படம்: ஏ4 அளவு, மரப் பிரேம், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக். வேலை சுத்தம். பின்பக்கக் கொக்கிதான் மெல்லிசு.

கோளாறு பொருளில். 'மலர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் 'அந்தோஸ்' என்றால் பூதான். அந்த ஒலி ஒற்றுமையை நம்பித்தான் ஆங்கிலத்தில் இந்தப் பெயருக்குள் ஒரு 'எச்' நுழைந்தது. இத்தாலிய வடிவமான அந்தோனியோவில் எச் கிடையாது. மூலம் அந்தோனியுஸ், உரோமைத் தளபதி மார்க் அந்தோனியின் குடும்பப் பெயர். பழைய இத்தாலியில் பேசப்பட்ட எத்ருஸ்கன் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள், பொருள் தொலைந்துவிட்டது. அந்தக் குடும்பம் தன்னை ஹெர்குலிஸின் மகன் அந்தோனின் வழி என்று சொல்லிக்கொண்டதைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இணையத்தில் சுற்றும் 'விலைமதிப்பற்றவர்' என்ற பொருளுக்கும் ஆதாரம் இல்லை.

அடுத்த வரி 'பதுவாவில் பிறந்த புனிதர்'. இத்தாலியின் பதுவா நகரப் பெயரால் அறியப்படும் புனித அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில். இட்ட பெயர் பெர்னாண்டோ. கொழும்பில் தடுக்கி விழுந்தால் ஒரு பெர்னாண்டோ மேல்தான் விழவேண்டும், ஆனாலும் இது பலருக்குத் தெரியாது. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது எகிப்து வனத்துறவி அந்தோனியாரின் பெயரை எடுத்துக்கொண்டார். பதுவாவுக்கு அருகில் இறந்தது 1231 ஜூன் 13. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் திருநாளும் அதே நாள். படத்தில் திருநாளாகப் போட்டிருக்கும் ஜனவரி 17 வனத்துறவியின் நாள்.

ஓடர் கொடுப்பவர்கள் பொருள் வரியை எடுக்கச் சொல்லி, 'பழைய உரோமைக் குடும்பப் பெயர்' என்று போடச் சொல்லலாம். இடம் மிஞ்சினால் வீட்டுச் செல்லப் பெயர்கள் பொருந்தும்: தோனினோ, நினோ, தொத்தோ.

பெயரை வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புவோம்; கடையில் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துரு. மாற்றாமல் அப்படியே ஒட்டினால் எழுத்து குப்பையாகிவிடும். யூனிகோடிலேயே வைத்தாலும் பழைய வடிவமைப்பு மென்பொருளில் 'தோ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சுக்கு முன் மாதிரியைக் கேட்டு வாங்கி, 'தோ', 'யோ' இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சான பிறகு திருத்தினால் தாள் காசு நம் தலையில்.