பழைய வால்வு ஆம்ப் திருத்தக் கொடுக்கிறீர்களா? கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்

என்னுடைய டிரெய்னர் வைபிஏ-1, கிற்றார் ஒலியைக் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் பெருக்கும் ஒரு ஆம்ப். அதில் ஐம்பது வருடமாக இருந்த, வால்வுகளிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒலியைக் கடத்தும் அவுட்புட் டிரான்ஸ்போமர் இப்போது என்னிடம் இல்லை. அதைக் கழற்றியவருக்கு 640 டொலர் கொடுத்ததும் நான்தான். ரொறன்ரோவில் இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

இந்த ஆம்ப் இந்த ஊரிலேயே பிறந்தது. பீட் டிரெய்னர் ரொறன்ரோவில் ஒரு இசைக்கருவிக் கடையில் ஆம்ப் திருத்திக்கொண்டிருந்தவர். 1963இல் யோர்க்வில் சவுண்ட் தொடங்கி, அமெரிக்க ஃபெண்டர் கம்பனியின் பாஸ்மன் ஆம்பைத் தழுவி இதைச் செய்தார். பேஸ் கிற்றாருக்கென்று செய்தாலும் லீட் வாசிப்பவர்கள் இதைத் தேடி வாங்குவார்கள். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியில் இஎல்34 என்ற வகை வால்வுகள் இரண்டு. டிரான்ஸ்போமர்கள் ஹமண்ட் கம்பனி செய்தவை, அவற்றுக்காகவே இதை விரும்புகிறவர்கள் உண்டு. என்னுடையது 1970 வாக்கில் செய்தது. எங்கள் இசைக்குழுவோடு பதினொரு வருடம் ஸ்காபரோ மண்டபங்களில் ஏறி இறங்கியிருக்கிறது.

போன மாசி மாதம் ஒரு பயிற்சியின்போது, வாசித்து ஒரு மணி நேரம் ஆனபின் மெல்ல ஒரு உறுமல் எழுந்தது. பின்னால் எட்டிப் பார்த்தேன். வலப்பக்க இஎல்34இன் உள்ளே இருக்கும் பிளேட் என்ற உலோகத் தகடு தணல் மாதிரிச் சிவந்திருந்தது. உடனே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. பின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வால்வு எல்லாம் போய்விட்டது, அவுட்புட் டிரான்ஸ்போமரும் எரிந்துவிட்டது என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அனுபவம் என்றார். நானும் நம்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்துப் போனபோது பத்து நிமிடம் வாசித்துக் காட்டினார், நன்றாகவே பாடியது. பில்லில் ‘வால்வு, டிரான்ஸ்போமர், வேலைக் கூலி’ என்று மட்டும் இருந்தது. கழற்றியவற்றைக் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்று என்றார்.

மூன்றாவது கிழமை ஒரு கலியாண வரவேற்பில், இரண்டாம் பாடலின் நடுவே அதே உறுமல், அதே பக்கம் சிவப்பு, பியூஸ் போய்விட்டது. கடைக்குப் போன் எடுத்தால், வால்வுக்கு உத்தரவாதம் கிடையாது என்று சொன்னார்கள்.

அப்புறம் எங்கள் ட்ரம்ஸ் அண்ணா, யாழ்ப்பாணத்தில் வால்வு றேடியோ திருத்திய ஒரு ஐயாவிடம் கூட்டிப்போனார். ஐயாவுக்கு எழுபது கடந்துவிட்டது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “தம்பி, முதலில வால்வு ரெண்டையும் இடம் மாத்திப் பாப்பம்” என்றார். மாற்றிப் போட்டு, மூடியைத் திறந்தபடி ஓடவிட்டோம். முக்கால் மணி நேரத்தில் மறுபடியும் சிவந்தது. ஆனால் வால்வு மாறியும் வலப்பக்கம்தான் சிவந்தது. அப்படியென்றால் கோளாறு வால்வில் இல்லை, அந்த இடத்துக்கு வரும் சுற்றில். இந்தச் சோதனைக்கு ஒரு சதம்கூடச் செலவில்லை. அந்தக் கடைக்காரர் இதைக்கூடச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிறகு இரண்டு இஎல்34ஐயும் கழற்றிவிட்டு, சொக்கெட்டின் ஐந்தாம் காலில் அளந்தார். அங்கே வால்வுக்குள் இருக்கும் கிரிட் என்ற கம்பிச் சுற்றுக்குப் போகும் மறை மின்னழுத்தம்தான் வால்வை அடக்கிவைக்கிறது. இரண்டு பக்கமும் மைனஸ் 38 வோல்ட். தலைமுடி உலர்த்தும் டிரையரால் வலப்பக்கத்துச் சின்னக் கப்பாசிட்டரைச் சூடாக்கினார். மீட்டர் மைனஸ் 30, 25 என்று குறைந்து மைனஸ் 19இல் வந்து நின்றது. அந்தக் கப்பாசிட்டர் முந்தைய வால்விலிருந்து ஒலியை மட்டும் கடத்தி, அதன் பிளேட்டில் இருக்கும் நேர் மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டியது. சூடானதும் அந்த மின்னழுத்தம் அதன் வழியாகக் கசிந்திருக்கிறது. கடிவாளம் தளர்ந்த வால்வு அளவுக்கு மிஞ்சி மின்னோட்டத்தை இழுத்துச் சிவந்தது. இரண்டு வால்வும் சமமாக இழுத்தால் சப்ளையின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடுமாம். ஒன்று மட்டும் கூட இழுத்ததால் உறுமல் வெளியே கேட்டது.

இரண்டு பக்கத்துக்கும் புதுக் கப்பாசிட்டர், மூன்று டொலர்.

அப்போ டிரான்ஸ்போமர்? ஐயா சொன்னது எனக்கு இப்போதும் வலிக்கிறது. அந்தப் பக்கத்துச் சுருள் அறுந்திருந்தால் பிளேட்டுக்கு மின்னோட்டமே போயிருக்காது, பிளேட் சிவந்திருக்கவும் முடியாது. நிறுத்தும் கணம் வரை சத்தமும் தெளிவாகவே வந்தது. அதை எரிந்துவிட்டது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. இப்போது உள்ளே இருப்பது பெயர் எதுவும் இல்லாத, பழையதைவிடச் சிறிய ஒன்று. பேஸ் ஒலி முன்பு மாதிரி நெஞ்சில் வந்து இடிப்பதில்லை.

ஆகவே தயவுசெய்து, ஆம்பைக் கொடுக்கும் முன் டிரான்ஸ்போமர்களையும் அவற்றில் அச்சிட்ட எண்களையும் படம் எடுத்து வையுங்கள். கழற்றுவது எதுவானாலும் எனக்கே திரும்ப வேண்டும் என்று ரசீதில் எழுத வையுங்கள். என்ன அளந்தீர்கள், எத்தனை வோல்ட் வந்தது என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாதவரிடம் கொடுக்க வேண்டாம். வாங்கும்போது கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். சூடானபின் வரும் கோளாறு பத்து நிமிடத்தில் தெரியாது. தெரியாதவர்கள் வீட்டில் திறக்கவே வேண்டாம், மின்சார வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே பெரிய கப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும்.

என்னுடைய பழைய டிரான்ஸ்போமரின் பக்கவாட்டில் பச்சைப் பெயின்ற்றால் ஒரு கோடு இருக்கும், முதல் சொந்தக்காரர் போட்டது. யாராவது விற்பனைக்கு வைத்திருப்பதைக் கண்டால் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.