ஒட்டகமா, கோவேறு கழுதையா, எருதா? அமெரிக்க மேற்கின் சுமைக் கணக்கு

1850களில் அமெரிக்க ராணுவத்துக்குப் பெரிய தலைவலி, டெக்சாஸிலிருந்து கலிபோர்னியா வரை கிடந்த வறண்ட நிலத்தில் கோட்டைகளுக்குச் சாமான் கொண்டு சேர்ப்பதுதான். கோவேறு கழுதையும் எருதும் ஏற்கெனவே இருந்தன. ஒட்டகத்தையும் பார்த்துவிடலாம் என்று போர்த்துறைச் செயலர் ஜெபர்சன் டேவிஸ் விடாமல் கேட்டு, 1855ல் நாடாளுமன்றத்திடம் 30,000 டாலர் வாங்கினார். மறுவருஷம் மே மாதம் 34 ஒட்டகங்கள் டெக்சாஸின் இண்டியானோலாவில் கரையிறங்கின.

எருதை முதலில் முடித்துவிடலாம். விலை குறைவு, புல்லை மேய்ந்தே நடக்கும், வண்டி கட்டி மேற்கே குடியேறப் போன குடும்பங்களில் பெரும்பாலோர் நம்பியது அதைத்தான். ஆனால் நடை மெதுவு, புல்லும் தண்ணீரும் இல்லாத வழியில் அது தாங்காது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஒட்டகங்களின் பொறுப்பிலிருந்த மேஜர் ஹென்றி வெய்ன், அவற்றை வைத்திருந்த டெக்சாஸ் ராணுவ முகாமான கேம்ப் வெர்டேயிலிருந்து சான் அன்டோனியோவுக்கு ஓட்ஸ் ஏற்றிவர இரண்டையும் அனுப்பிப் பார்த்தார். தலா ஆறு கோவேறு கழுதை பூட்டிய வண்டிகள் மூன்று, வண்டிக்குச் சுமார் 800 கிலோ ஏற்றிக்கொண்டு திரும்ப ஏறக்குறைய ஐந்து நாளானது. வெறும் ஆறு ஒட்டகங்கள் 1,650 கிலோவை முதுகில் சுமந்து, இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வந்துவிட்டன. தலைக்கு என்று பார்த்தால் ஒட்டகம் இரண்டு மடங்கு சுமை, அதுவும் பாதி நேரத்தில்!

1857ல் முன்னாள் கடற்படை அதிகாரி எட்வர்ட் பீல், இன்றைய அரிசோனாவில் இருந்த ஃபோர்ட் டிஃபையன்ஸ் கோட்டையிலிருந்து கொலராடோ ஆறு நோக்கிப் பாதை அளக்கப் போனபோதும் இதே கதைதான். கோவேறு கழுதைகளுக்கான தண்ணீரையும் சேர்த்து ஒட்டகங்களே சுமந்தன, தாங்கள் குடிக்காமல். மற்ற கால்நடை தொடாத கசப்புப் புதரையும் மென்றன. கொலராடோவை நீந்திக் கடக்கையில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சில மூழ்கிச் செத்தன, ஒட்டகம் ஒன்றுகூடச் சாகவில்லை. ஐந்து கோவேறு கழுதைகளைவிட இருபது ஒட்டகங்களை மேய்ப்பதே மேல் என்கிற அளவுக்குப் பீலுக்கு அவற்றின் மேல் மதிப்பு.

சரி, பிறகு ஏன் நிலைக்கவில்லை? சுமை தூக்குவதில் ஒட்டகம் தோற்கவே இல்லை என்பது என் கருத்து. ஆனால் அந்த வாடையும் உருவமும் மற்ற கால்நடைகளை மிரட்டி ஓடவைத்தன, ஒரே பாதையில் இரண்டும் போனால் ரகளைதான். அதைவிட முக்கியம், சேணம் கட்டுவதிலிருந்து லாடம் அடிப்பது வரை அந்த ஊர் ஆட்களுக்குக் கைவந்தது கோவேறு கழுதை வேலை. ஒட்டகத்தை மண்டியிட வைத்து, திமில் புண்ணாகாமல் சுமையைக் கட்டத் தெரிந்தவர்கள், 'ஹை ஜாலி' என்று அழைக்கப்பட்ட ஹாஜி அலி போல, கூடவே கப்பலில் வந்த ஒரு சிலர்தான். போதிய ஆட்களைப் பழக்கவே இல்லையே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

மலைப்பாதைக்கு வந்தால் நான் கோவேறு கழுதை பக்கம். 1862ல் கனடாவின் கரிபூ தங்கவயல் பாதையில் ஒட்டகங்களை இறக்கியபோது கூர்ங்கல் அவற்றின் மென்பாதத்தைக் கிழித்தது. தட்டையான வறள்நிலத்துக்கு ஒட்டகம், செங்குத்துக்குக் கோவேறு கழுதை என்று பிரித்திருந்தாலே போதும். அதற்கும் உள்நாட்டுப் போர் வந்து இடம் விடவில்லை. கலிபோர்னியாவில் இருந்தவற்றை 1864லும் டெக்சாஸில் மிஞ்சியவற்றை 1866லும் ராணுவம் விற்றுத் தீர்த்தது.