ஒரு ட்யூப்பில் நாலு மருந்து: அரிப்புக்கான கலவை கிரீம்களை வாங்கலாமா?

மருந்துக்கடையில் போய் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் பல இடங்களில் கைக்கு வருவது கலவை கிரீம்தான். பெயர்கள் ஏராளம், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கிளோபெட்டாசால் (அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு) 0.05%, மைக்கோனசோல் (பூஞ்சை மருந்து) 2%, நியோமைசின் (பாக்டீரியாவுக்கான மருந்து) 0.5% என்பது ஒரு வகை. கிளோபெட்டாசாலோடு டெர்பினாஃபைன் (பூஞ்சை மருந்து), ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் (இரண்டும் வேறு கிருமிகளுக்கான மருந்துகள்) என்பது இன்னொரு வகை. எந்த ஒரு கம்பெனியையும் குறிவைத்து இதை எழுதவில்லை, இந்த வகைச் சரக்கு முழுவதற்கும் சேர்த்துத்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அரிப்பை அடக்குவதில் இதற்குக் குறையே சொல்ல முடியாது. இரண்டு மூன்று நாளில் சிவப்பு வாடும், ராத்திரி தூக்கம் வரும். அந்த வேலையைச் செய்வது ஸ்டீராய்டு. கிளோபெட்டாசால் மேற்பூச்சு ஸ்டீராய்டுகளில் வீரியம் மிகுந்த வகுப்பைச் சேர்ந்தது. மருத்துவர் சொல்லிப் போடும்போதே தொடர்ந்து இரண்டு வாரம், வாரத்துக்கு 50 கிராம் என்பதுதான் எல்லை. ஆனால் அரிப்பு நின்றதும் நோயும் தீர்ந்ததாகத் தோன்றிவிடுகிறது. என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. பிறகு கேட்கும்போது, நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களை கிரீமே அழித்திருக்கும்.

படர்தாமரையில் இது நன்றாகத் தெரியும். வட்டமாக, விளிம்பு சிவந்து செதில் தூக்கி, நடுப்பகுதி தெளிந்திருப்பது அதன் இயல்பு. ஸ்டீராய்டு பட்டதும் செதில் போகும், விளிம்பு மங்கும். தோலின் எதிர்ப்பு அடங்கிவிடுவதால் அடியில் பூஞ்சை தாராளமாகப் பரவும். நிறுத்தியதும் திரும்பி வரும், சில நேரம் வட்டத்துக்குள் வட்டமாக. 1968-லேயே இதற்கு 'டினியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த உருமாறிய படையைக் கரப்பான் (எக்ஸிமா) என்றோ சொரியாசிஸ் என்றோ தவறாகக் கணித்து இன்னும் ஸ்டீராய்டு எழுதினால் கதை மோசமாகும்.

ட்யூப்பில் பூஞ்சை மருந்தும் இருக்கிறதே என்றால், அது வேலை முடிக்கும் முன்பே அரிப்பு நின்று, பூசுவதும் நின்றுவிடுகிறது. தவிர, இந்தியாவில் பரவியிருக்கும் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சையில் பல திரிபுகள் டெர்பினாஃபைனுக்கு அடங்குவதில்லை. ஆர்னிடசோலுக்குப் படர்தாமரையில் வேலையே கிடையாது.

சிரங்கு வேறு மாதிரி ஏமாற்றும். ராத்திரியில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பொரிகள், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை: இவை இருந்தால் "அலர்ஜி" என்ற பேச்சை நம்பாதீர்கள். கலவை கிரீமில் சிரங்குப் பூச்சியைக் கொல்ல ஒன்றும் இல்லை. அரிப்பு குறைந்த மயக்கத்தில் அது வீடு முழுக்கப் பரவும். இதற்கு உரியது பெர்மெத்ரின் 5% கிரீம். பெரியவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம் வரை, கழுத்துக்குக் கீழே நக இடுக்கு விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். வீட்டில் அனைவரும் ஒரே நாளில் போடாவிட்டால் பலன் இல்லை. சரியாகப் போட்ட பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கலாம். மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்துப் பலர் மீண்டும் ஸ்டீராய்டுக்குத் தாவுவது இந்த இடத்தில்தான்.

கரப்பானுக்கு ஸ்டீராய்டு தேவைப்படலாம், உண்மை. ஆனால் நியோமைசினே சிலருக்கு ஒவ்வாமை தரும். பூசப் பூச நீர் வடிந்தால் கிரீமைச் சந்தேகியுங்கள். தோலில் படையே இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்தம் என்று உள்ளே தேட வேண்டும்.

பக்க விளைவுகளில் மிகவும் வருத்தம் தருவது தொடை இடுக்கிலும் அக்குளிலும் விழும் வரிகள். அங்கே தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சும். விழுந்த வரி மறையாது.

2018-ல் 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆகவே அட்டைப்பெட்டியில் முன்பக்கப் பெயரை விடுங்கள், பின்பக்கம் பாருங்கள். கிளோபெட்டாசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் எதுவாக இருந்தாலும் ஸ்டீராய்டுதான்.

தோல் மருத்துவரிடம் கே.ஓ.எச். பரிசோதனை கேளுங்கள். படையின் விளிம்பில் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, சிறிது நேரம் ஊறியதும் மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சை இழைகளைத் தேடுவார்கள். பெரிய செலவு இல்லை. அண்மையில் கலவை கிரீம் போட்டிருந்தால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரலாம், அதனால் கடைசியாக என்று பூசினீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் கிடக்கும் எல்லா ட்யூப்புகளையும், தீர்ந்துபோனதையும் சேர்த்து, கையோடு எடுத்துப் போங்கள்.