மூன்று பிராண்டு ரவுட்டர், ஒரே ரூல்: ஆர்எஃப்சி 8519 எப்படி?

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி என மூன்று ஊரில் யூனிட் உள்ள ஒரு ஷூ கம்பெனிக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். யூனிட்டுக்கு ஒரு பிராண்டு ரவுட்டர்; வாங்கிய சமயத்தில் எது விலை படிந்ததோ அது. கேமரா நெட்வொர்க்கிலிருந்து சம்பள சர்வருக்கு எந்தப் பாக்கெட்டும் போகக் கூடாது என்ற ஒரே ரூலை மூன்று விதமாக எழுதி அலுத்துப்போய்த்தான் ஆர்எஃப்சி 8519க்கு வந்தேன். எந்த பிராண்டு ரவுட்டருக்கும் இப்படிப்பட்ட ரூல்களை ஒரே வடிவில் எழுதுவதற்கான பொதுத் தரம் அது.

இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு இதை 2019 மார்ச்சில் வெளியிட்டது. நம் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த அதே வருஷம். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நெட்வொர்க் பெட்டிகளின் அமைப்புகளை விவரிக்கும் யாங் என்ற மொழியில் எழுதிய தரவு மாதிரி (டேட்டா மாடல்) இது. ஒரு ஏசிஎல், அதாவது எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்; அதற்குள் ஏஸ் எனப்படும் ரூல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், எந்தப் பாக்கெட் என்ற பொருத்தம், அதை என்ன செய்வது என்ற முடிவு. முடிவு மூன்றுதான்: அக்செப்ட், டிராப், ரிஜெக்ட். டிராப் என்றால் சத்தமில்லாமல் தூக்கிப் போடும். ரிஜெக்ட் என்றால் அனுப்பியவருக்குப் பிழைச் செய்தி போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ரூலுக்கு எண் இல்லாமல் பெயர் இருப்பது. பழைய முறையில் 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எழுதுவோம். நடுவில் சொருகிச் சொருகி இடம் தீர்ந்துவிட்டால் மறுபடி எண் போட வேண்டும். இங்கே, பெட்டிக்கு அமைப்புகளை அனுப்பும் நெறிமுறையான நெட்கான்ஃப் வழியாக, 'கேமரா-தடை' ரூலுக்கு முன்னால் இதை வை என்று சொன்னால் போதும். வரிசை நாம் வைத்தபடியே நிற்கும்.

அடுத்தது, நீட்டிக்கும் வசதி. மூல மாதிரியைச் சின்னதாக வைத்துவிட்டு, வேண்டியவர்கள் ஆக்மெண்ட் என்ற வழியில் தங்கள் புலங்களை (ஃபீல்டுகளை) சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம். பின்னிணைப்பில் ஒரு கற்பனைக் கம்பெனி தன் சொந்தப் பொருத்தங்களைச் சேர்ப்பதை உதாரணமாகக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து எங்கள் மாஸ்டர் கோப்பில் 'யார் கேட்டது', 'எப்போது எடுக்க வேண்டும்' என்று இரண்டு புலம் சேர்த்தேன். ரவுட்டருக்கு அவை புரியாது. அனுப்பும்போது ஸ்கிரிப்ட் உதிர்த்துவிடும். ஆனால் ஆடிட் வரும்போது, இந்த ரூல் ஏன் இருக்கிறது என்று யாரும் விழிப்பதில்லை.

சரி, குறைகள். ஒரு ஏஸில் அனுப்புபவரின் ஒரு முகவரித் தொகுதி, ஒரு போர்ட் (சேவையைக் குறிக்கும் எண்) அல்லது ஒரு போர்ட் வரம்புதான் போட முடியும். முகவரிகளைச் சேர்த்து ஒரு பெயர் வைக்கும் வசதி மூல மாதிரியில் இல்லை. 6 முகவரித் தொகுதி, தனித்தனியாக 3 போர்ட் என்றால் 18 ஏஸ். இதற்கெல்லாம் நீட்டிப்பு வரைவு பின்னால் எழுதினார்கள், ஆனால் என் கையில் இருக்கும் பெட்டிகளில் அது இல்லை. வாணியம்பாடிப் பெட்டி இன்னும் மோசம். நெட்கான்ஃபே தெரியாத பழசு, அதற்குக் கைவேலைதான்.

பெரிய எரிச்சல் வேறு. இந்த மாதிரியில் பல பகுதிகள் 'ஃபீச்சர்' என்ற பெயரில் விருப்பத்துக்கு விடப்பட்டவை. ஐபிவி4 பொருத்தம் ஒரு ஃபீச்சர், ஐபிவி6 இன்னொன்று, டிசிபி இன்னொன்று. புது ரவுட்டர் விற்க வந்த டீலர் "8519 சப்போர்ட் இருக்கு சார்" என்று அடித்துச் சொன்னார். தனக்கு எந்த மாதிரி, எந்த ஃபீச்சர் உண்டு என்று பெட்டியே சொல்லும் பட்டியல்தான் யாங் லைப்ரரி; டெமோ பெட்டியிடம் அதைக் கேட்டுப் பார்த்தால் ஐபிவி6 பொருத்தமே இல்லை. அவர் சொன்னதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் கடுப்பு.

வடிவமைப்புக்கு 5க்கு 4 தருவேன். ஒரு பெட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை, பழைய கமாண்டே போதும். இரண்டு பிராண்டுக்கு மேல் போனால் கற்றுக்கொள்ளும் பாடு வீண் போகாது. இப்போதெல்லாம் கொட்டேஷனோடு யாங் லைப்ரரி வெளியீட்டையும் அனுப்பச் சொல்கிறேன். அனுப்பாதவர்களுக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போவதில்லை.