வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி எங்கள் தலையில் கட்டிய பாத்ரூம் கேபினெட்

புது வீட்டுக்கு இன்டீரியர் வேலை ஆரம்பிக்கப் போகிறவர்கள், அதிலும் பாத்ரூமில் வாஷ்பேசினுக்குக் கீழே கேபினெட் வைக்கலாம் என்று நினைப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு பாத்ரூம் கேபினெட்டுக்கு நாங்கள் 46,000 ரூபாய் கொடுத்தோம். ஏழாவது மாதம் இரண்டையும் பிரித்துக் குப்பை வண்டியில் ஏற்றினோம்.

நாங்கள் இருப்பது சென்னை மேடவாக்கம் பக்கம். சமையலறை, அலமாரி, பாத்ரூம் எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் கொடுத்தோம். விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஷோரூமுக்குப் போனபோது அங்கிருந்த பையன் ஒரு கேபினெட் கதவைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றினான். பளபளவென்று முத்து முத்தாக நின்றது. துணியால் துடைத்துவிட்டு, "பாருங்க மேடம், ஒரு சொட்டுகூட உள்ள போகல. ஃபுல் வாட்டர்ப்ரூஃப் பினிஷ், பத்து வருஷம் வாரன்டி" என்றான். நானும் என் கணவரும் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டோம்.

அவன் ஊற்றியது கதவின் முகத்தில். ஓரத்தில் ஊற்றவில்லை, பின்பக்கம் ஊற்றவில்லை, பைப்புக்காக ஓட்டை போட்ட இடத்தில் ஊற்றவில்லை. பாத்ரூம் கேபினெட்டுக்குள் தண்ணீர் போவது இந்த மூன்று வழியாகத்தான். அன்றைக்கு எனக்கு இது தெரியாது.

மூன்றாவது மாதம் ஒரு கதவின் அடி ஓரத்தில் சின்னதாக ஒரு வீக்கம். நகத்தால் தடவினால் மேடு தட்டியது. போன் செய்தேன். "சீசன்ல அப்படித்தான் மேடம் இருக்கும், வெயில் வந்தா சரியாயிடும்" என்றார்கள். ஐந்தாவது மாதம் அந்த ஓரப் பட்டை பிய்ந்து தொங்கியது. கீல்களில் துரு இறங்கிப் பழுப்புக் கோடு வழிந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் பினாயில் பாட்டிலை எடுக்கக் கதவைத் திறந்தேன். கீல் ஸ்க்ரூவோடு கையோடு வந்துவிட்டது. ஸ்க்ரூ இருந்த இடத்தில் ஈரமான பழுப்புத் தூள். அடிப்பலகையை ஸ்பூன் காம்பால் அழுத்தினால் புட்டு மாதிரி உதிர்ந்தது. மேலே ஒட்டிய ஷீட் மட்டும் எதுவும் ஆகாமல் அப்பளம் போல் தனியாக நின்றது.

தெரு முனையில் ஒரு ஆசாரி இருக்கிறார், நாற்பது வருடத் தொழில். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். உட்காரக்கூட இல்லை. டார்ச் அடித்து வேஸ்ட் பைப் போகும் ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல மரமே இல்லையேம்மா. தூளை அழுத்தி வச்சிருக்கான். ஓட்டை போட்ட இடத்துல ஒரு கோட் பெயின்ட்கூட அடிக்கல பாரு." "அண்ணே, பிளைவுட்னுதானே சொன்னாங்க" என்றேன். "பில்லுல எழுதியிருக்கானா?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தேன். "மாடுலர் வேனிட்டி, வாட்டர்ப்ரூஃப் பினிஷ், 2 எண்ணம்" என்று மட்டும்தான் இருந்தது. பலகை என்ன, எத்தனை மில்லிமீட்டர், என்ன கிரேடு, ஒரு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலம் உடைந்த அடிப்பலகையில் நனையாமல் இருந்த ஒரு துண்டை அறுத்துத் தரச் சொல்லி வாங்கினேன். மகனின் ஸ்கேலை வைத்து அளந்தேன், 18 மில்லிமீட்டர். வாளித் தண்ணீரில் போட்டு ஒரு நாள் விட்டேன். மறுநாள் 24 மில்லிமீட்டர். வெயிலில் காயவைத்தும் அது பழைய கனத்துக்கு வரவே இல்லை. ஏன் என்று ஆசாரி அண்ணன்தான் விளக்கினார். எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டுமே மரநாரையும் மரத்தூளையும் பசை போட்டு அழுத்திச் செய்பவை. தண்ணீர் பட்டால் அழுத்தி வைத்த நார் விரிந்துவிடும். விரிந்தது திரும்பச் சுருங்கி உட்காராது. மேலே எவ்வளவு நல்ல ஷீட் ஒட்டினாலும் உள்ளே இருப்பது இதுதான் என்றால் ஓரத்தில் ஒரு கீறல் போதும்.

கம்பெனிக்காரர்கள் சொன்ன பதில்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "நீங்க பாத்ரூமைத் தண்ணி ஊத்திக் கழுவுறீங்க மேடம், அதான்." நம் வீடுகளில் பாத்ரூமை வேறு எப்படிக் கழுவுவார்கள்? வாளியும் குவளையும் வைத்துக் குளிக்கிற வீடு, குளிக்கிற இடத்துக்கும் பேசினுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு கிடையாது, கெய்சர் போட்டால் சுவரெல்லாம் ஆவி. அளவெடுக்க வந்தவர் இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். பத்து வருட வாரன்டி கார்டை எடுத்தால், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் தண்ணீரால் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று இருக்கிறது. பாத்ரூமில் வைக்கிற பொருளுக்கு இப்படி ஒரு வாரன்டி கொடுப்பது பச்சை ஏமாற்று. வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இனி நீங்கள் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பலகை, அப்புறம்தான் பினிஷ். பிளைவுட்டில் எம்.ஆர். என்று ஒரு கிரேடு உண்டு, கடைகளில் கமர்ஷியல் என்பார்கள். பெயரில் ஈரம் தாங்கும் என்று இருந்தாலும் அது காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்குத்தான், தண்ணீருக்கு இல்லை. அலமாரிக்குச் சரி, பாத்ரூமுக்கு வேண்டாம். அடுத்தது பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீர் தாங்கும் என்ற கிரேடு. இந்த இரண்டும் ஐ.எஸ். 303 என்ற தரக்குறியீட்டில் வரும். மரைன் பிளை என்று நாம் சொல்வது ஐ.எஸ். 710. அதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடக் கூடாது என்பது விதி. பிளைவுட் என்றால் பாத்ரூமுக்கு இதைத்தான் கேளுங்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று தெரிந்துவிடும். அறுப்பதற்கு முன் முழு ஷீட்டில் இருக்கும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மரைன் பிளை என்பதற்காக ஓரத்தைத் திறந்து விட்டுவிடாதீர்கள். பசைதான் தண்ணீரைத் தாங்குகிறது, மரம் மரம்தான், ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். பச்சையாக ஒரு போர்டைக் காட்டி ஈரம் தாங்கும் எம்.டி.எஃப். என்பார்கள். அந்தப் பச்சை அடையாளத்துக்காகச் சேர்க்கிற சாயம். சாதாரண எம்.டி.எஃப்.பை விட அது தேவலை, ஆனாலும் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ஆகாது. பி.வி.சி. போர்டும், பிளாஸ்டிக்கோடு மரத்தூள் கலந்து செய்யும் டபிள்யூ.பி.சி. போர்டும் ஊறாது. அதில் ஸ்க்ரூ பிளைவுட் அளவுக்குப் பிடிக்காது, நீளமான தட்டு நடுவில் தொய்ந்துவிடும். ஆனாலும் சின்ன கேபினெட்டுக்கு நான் இந்த போர்டுகளையே சொல்வேன்.

பினிஷ் என்று வந்தால் என் ஓட்டு 1 மில்லிமீட்டர் லேமினேட்டுக்குத்தான், நம் ஊரில் மைக்கா என்று கேட்டால் தருவார்கள். வெளிப்பக்கம் மட்டும் ஒட்டி உள்ளே வெறுமனே விட்டால் பலகை வளைந்துவிடும், ஈரமும் ஏறும். உள்ளேயும் ஒட்டச் சொல்லுங்கள். பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட் நன்றாகவே தாங்கும், ஆனால் ஆறு பக்கமும் அடித்திருக்க வேண்டும். முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று திருப்தி அடையாமல் கதவைத் திறந்து அடி ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அங்கே பெயின்ட் இல்லை. மெம்ப்ரேன் என்று மெல்லிய பிளாஸ்டிக் ஃபாயிலை ஒட்டி, டிசைன் போட்டு வழுவழுப்பாகக் காட்டுவதற்கு அடியில் எம்.டி.எஃப்.தான் இருக்கும். சூட்டிலும் ஆவியிலும் அந்த ஃபாயில் உரியும். கெய்சர் இருக்கிற பாத்ரூமில் அது வேண்டவே வேண்டாம். மெல்லிய மரத்தாளை ஒட்டுகிற வெனீரும் அப்படித்தான், ஹாலில் அழகு, பாத்ரூமில் கண்ணீர்.

ஓரப் பட்டையைக் கையால் ஒட்டினார்களா, மெஷினில் ஒட்டினார்களா என்று கேளுங்கள். எங்களுக்குக் கையால் ஒட்டியதுதான் பிய்ந்தது. மெஷினிலும் சாதாரணப் பசை சூட்டுக்கு இளகும், பி.யூ.ஆர். என்ற பாலியூரிதேன் பசை அப்படி இளகாது. கீல் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பட்டென்று ஒட்டிக்கொண்டால் அது 304 இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை ஆசாரி அண்ணனையே செய்யச் சொன்னோம். மரைன் பிளை கடையில் நானே நின்று வாங்கினேன். தரையில் உட்காராமல் ஓர் அடி உயரத்தில் சுவரில் மாட்டச் சொன்னோம், கழுவுகிற தண்ணீர் அடியிலேயே போய்விடுகிறது. பைப் ஓட்டைகளின் உள்விளிம்பில் எபாக்ஸி இரண்டு கோட். அதை அவர் விரலால் தேய்த்துத் தேய்த்து அடித்தார். காய்ந்த பிறகு பைப்பைச் சுற்றி சிலிக்கான். பேசினும் சுவரும் சேரும் இடத்திலும் சிலிக்கான். ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. போன வாரம் அடி ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், வைத்த மாதிரியே இருக்கிறது.

புகார் விஷயம். முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதன் பிறகுதான் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். பாதி விலைக்குக் கதவு மட்டும் மாற்றித் தருகிறோம் என்றார். உள்ளே உதிர்கிற பெட்டிக்குப் புதுக் கதவு எதற்கு? மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பில்லில் பலகையின் பெயர் இல்லாததுதான் எங்களுக்குப் பெரிய இடைஞ்சல். அதனால் கொட்டேஷனிலேயே பலகையின் கிரேடு, கனம், லேமினேட் கனம், கீல் கிரேடு எல்லாவற்றையும் வரி வரியாக எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பிரிக்கும்போது போட்டோ, வீடியோ எடுங்கள், உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

நான் வாளியில் ஊறவைத்த அந்தத் துண்டு ஒரு கவரில், தேதி எழுதி, பீரோவில் இருக்கிறது. அடுத்த மாதம் விசாரணைக்கு அதையும், அதே பலகையின் ஊறாத துண்டு ஒன்றையும் எடுத்துப் போகிறேன்.