நிவாரணம் தருவதாகச் சொல்லித் தொகை எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்

வேதாரண்யம் பக்கம் மறுபடியும் ‘பயனாளி கணக்கெடுப்பு’ என்று வேன் சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன். ஆதார் நகல், பாஸ்புக் நகல், பங்குத்தொகை 2,000 ரூபாய் கேட்கிறார்களாம். கஜா புயலுக்கு அப்புறம் எங்கள் தெருவில் நடந்ததும் இதேதான். அதனால்தான் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. ஓட்டு வீட்டில் ஓடு மிஞ்சவில்லை, கூரை வீடு தரையோடு போனது, தென்னை வேரோடு சாய்ந்தது. அந்த நிலையில் ஒரு தொண்டு நிறுவனம் வந்து, கூரைக்குத் தகர ஷீட்டும் தோப்புக்குத் தென்னம்பிள்ளையும் தருவதாகச் சொன்னது. “நீங்களும் பங்களிச்சாத்தான் நிதி குடுக்குறவங்க ஒத்துக்குவாங்க” என்றார்கள். தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு. யாருக்கும் ரசீது தரவில்லை.

கையெழுத்து வாங்கிய தாள் ஆங்கிலத்தில் அச்சடித்தது. பெயர், ஆதார் எண், கையெழுத்து எல்லாம் நிரப்பினார்கள். பொருள், தொகை என்ற இரண்டு கட்டங்கள் மட்டும் காலி. என் பெரியம்மா, “இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல பாட்டி, நீங்க வந்ததுக்கு அடையாளம்” என்று சொல்லி மை தடவி ரேகை வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஆளுக்கொரு தார்ப்பாயைக் கையில் கொடுத்து, பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தத் தார்ப்பாயோடு சரி. ஷீட்டும் வரவில்லை, தென்னம்பிள்ளையும் வரவில்லை. போனையும் எடுப்பதில்லை.

பிற்பாடு அவர்களுடைய ஆண்டறிக்கையை ஊர்ப் பையன் ஒருவன் காட்டினான். தார்ப்பாயோடு நிற்கும் பெரியம்மாவின் படத்துக்குக் கீழே, வீடு சீரமைப்பு முடிந்தது என்று போட்டிருந்தது. பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டியாகிவிட்டது. அந்தக் கணக்குக்கு ஆதாரமே நாங்கள் போட்ட கையெழுத்துதான். கிடைத்ததா என்று எங்களிடம் வந்து கேட்க ஆள் இல்லை. என்னால் இன்றும் பொறுக்க முடியாதது இதுதான்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். அது அறக்கட்டளை, எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்றார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதிவதோடு வேலை முடிந்துவிடுகிறது. மகாராஷ்டிராவில் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி அறக்கட்டளைகளைக் கேள்வி கேட்க அறக்கட்டளை ஆணையர் இருக்கிறார். நம் மாநிலத்தில் பொது அறக்கட்டளைகளுக்கு அப்படி ஓர் அதிகாரி இல்லை.

ஆகவே கேட்க வேண்டியதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். தொண்டு நிறுவனங்கள் தங்கள் விவரத்தைப் பதியும் அரசு இணையதளமான, நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பணில் பெயரைத் தேடினால் பதிவு விவரம், பொறுப்பாளர் பெயர் கிடைக்கும். அதில் பெயர் இருப்பதாலேயே நல்லவர்கள் என்று ஆகாது, ஆனால் யாரைப் பிடிப்பது என்று தெரியும். இந்தத் திட்டத்துக்குப் பணம் யாருடையது, ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு நிதி என்றால், அதற்கான சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவுக்கு எடுக்கக் கூடாது. பயனாளிப் பட்டியலையும் தொகையையும் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் இதற்குத் தயங்க மாட்டார்கள். தொகைக் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்தும் ரேகையும் வேண்டாம். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், எந்த ஊராக இருந்தாலும், வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். இந்த முறை போலீசில் மோசடிப் புகாராகவே கூட்டாகக் கொடுக்கப்போகிறோம். ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பணம் வாங்கியபோது பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள்.